ஒரு தகவலுக்கு ஓரிடம்: கடைக் கணக்கும் தரவுத்தளமும் – வாசகர் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பகுதியில் சிறுதொழில் நடத்தும் வாசகர்கள், தங்கள் ஆர்டர்களையும் கணக்குகளையும் கணினியில் ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதிக் கேட்டவற்றுள் ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களில் வியாபார விவரங்கள் இருப்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் செய்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கூரியரில் அனுப்புகிறேன். நான்கு ஆண்டுகளாக எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பில் எழுதி வருகிறேன். போன தீபாவளிக்கு ஒருவருடைய பார்சல், அவர் காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்குப் போய்விட்டது. புதிய முகவரியை நான் கோப்பில் மாற்றியிருந்தேன். அப்படியும் இது நடந்தது. டேட்டாபேஸுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறினால் என்ன வித்தியாசம்? – கானாடுகாத்தான் வாசகி

பதில்: ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, அதிலேயே பெயர், தொலைபேசி எண், முகவரி, பலகாரம், எடை, விலை எல்லாவற்றையும் எழுதி வந்திருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஓர் ஆச்சி நான்கு ஆண்டுகளில் முப்பது முறை வாங்கியிருந்தால் அவர் வீட்டு முகவரி உங்கள் கோப்பில் முப்பது இடங்களில் இருக்கும். நீங்கள் திருத்தியது அவற்றுள் ஒன்றை. தீபாவளி அவசரத்தில் பார்சலில் ஒட்டுவதற்கு எடுத்தது இன்னொன்றை. இந்தத் தவறுக்கு உங்கள் கவனக்குறைவைக் காரணம் சொல்ல முடியாது. ஒரே தகவலைப் பல இடங்களில் எழுத வைக்கும் எந்த ஏற்பாட்டிலும் இது ஒருநாள் நடந்தே தீரும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த எட்கர் காட், 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வழி காட்டினார். தகவல்களை எளிய அட்டவணைகளாகப் பிரித்து வைக்க வேண்டும், ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு இரண்டிலும் இருக்கும் பொதுவான மதிப்பு ஒன்றே போதும் என்பது அவர் கருத்து. இன்றைய தரவுத்தளங்களில் (நீங்கள் சொல்லும் டேட்டாபேஸ்களில்) மிகப் பெரும்பாலானவை அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. உங்கள் தொழிலுக்கு நான்கு அட்டவணைகள் போதும்: வாடிக்கையாளர், பலகாரம், ஆர்டர், ஆர்டரில் அடங்கிய சரக்கு. முகவரி வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில் இருக்கும். ஆர்டர் அட்டவணையில் வாடிக்கையாளரின் எண் மட்டும் இருக்கும். 412ஆம் ஆர்டரில் ஒரு கிலோ தேன்குழல், அரைக் கிலோ மனகோலம், ஐம்பது அதிரசம் என்றால், சரக்கு அட்டவணையில் 412 என்ற எண்ணோடு மூன்று வரிசைகள் இருக்கும்.

பெயர் இருக்கும்போது எண் எதற்கு என்று கேட்பீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கும், ஆயா பெயரைப் பேத்திக்கும் வைக்கும் நம் ஊர்களில் ஒரே தெருவில் நான்கு வள்ளியம்மைகள் இருப்பார்கள். அதனால்தான் நம் முன்னோர், பெயருக்கு முன்னால் தகப்பனார், பாட்டனார் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து விலாசம் என்று வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் எண்ணும் அந்த விலாசம் செய்த வேலையைத்தான் செய்கிறது. தொலைபேசி எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். ஒரே எண்ணை வீட்டில் இருவர் பயன்படுத்துவார்கள், வெளிநாடு போனால் எண் மாறிவிடும். எந்தப் பொருளும் இல்லாத வெறும் 1, 2, 3 என்ற எண்ணே நிலைக்கும்.

இதில் ஓர் இடத்தை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். பலகாரத்தின் விலை பலகார அட்டவணையில் இருக்கிறதே என்று சரக்கு அட்டவணையில் விலையை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் விலை ஏறி, தேன்குழலின் விலையை நீங்கள் உயர்த்தினால், போன ஆண்டு பில்கள் எல்லாம் புதிய விலையைக் காட்டத் தொடங்கிவிடும். இன்றைய விலை ஒரு தகவல், அன்று விற்ற விலை வேறொரு தகவல். இரண்டும் ஒரே தொகையாக இருக்கும் நாளிலும் அவை இரண்டே. அனுப்பிய முகவரியும் அப்படித்தான்: வாடிக்கையாளரின் இப்போதைய முகவரி ஓரிடத்திலும், அந்த ஆர்டர் உண்மையில் போய்ச் சேர்ந்த முகவரி ஆர்டரிலும் இருக்கட்டும். தொழில்முறையில் தரவுத்தளம் வடிவமைப்பவர்களே இந்த வேறுபாட்டைத் தவறவிட்டுப் பின்னால் தவிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாளைக்கே புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும் என்பதில்லை. நீங்கள் ஒருவர் மட்டுமே எழுதுவதாக இருந்தால், இந்த நான்கு அட்டவணைகளையும் அதே எக்செல்லில் நான்கு தாள்களாகப் பிரித்து எழுதிப் பழகுங்கள். பிறகு மாறுவது எளிது. ஆனால் எக்செல் தவறைத் தடுக்காது, சில நேரம் சொல்லாமலே தகவலைத் தின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பதினாறு இலக்கக் கூரியர் எண்ணை அப்படியே தட்டினால் அது முதல் 15 இலக்கங்களை மட்டும் காத்துக்கொண்டு கடைசி இலக்கத்தைச் சுழியமாக்கிவிடும்; அந்தப் பத்தியை (மேலிருந்து கீழாக வரும் வரிசையை) முன்கூட்டியே எழுத்து (டெக்ஸ்ட்) வகைக்கு மாற்றி வைக்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனதற்கும், 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் வகைக் கோப்பே காரணமாயிற்று. ஒழுங்காக அமைத்த தரவுத்தளம், இல்லாத வாடிக்கையாளர் எண்ணைத் தட்டினால் ஏற்க மறுத்து அங்கேயே நிறுத்திவிடும்.

கேள்வி: தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மென்பொருள் செய்து தருகிறேன் என்று வந்தவர், "உங்கள் தேவைகளை எழுதிக் கொடுங்கள்" என்றார். எனக்கு எழுதத் தெரியவில்லை. அவரே ஏதோ செய்து கொடுத்தார். ஒரு திரையில் நாற்பது கட்டங்கள் இருக்கின்றன. பட்டறையில் ஒருவரும் அதைத் தொடுவதில்லை. நான் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? – ஆத்தங்குடி வாசகர்

பதில்: தேவைகளை எழுதித் தரச் சொன்னது அவருடைய பிழை. உங்கள் தேவைகள் ஏற்கெனவே எழுதப்பட்டு உங்கள் மேசையில் கிடக்கின்றன. ஆர்டர் எழுதும் துண்டுச் சீட்டு, அன்றைய வார்ப்பைக் குறிக்கும் நோட்டு, லாரியில் ஏற்றும்போது கொடுக்கும் சீட்டு, பில் ஆகிய நான்கையும் ஒரு மாதத்துக்கு உரியவையாக எடுத்து அவர் முன்னால் பரப்பியிருந்தால் போதும். ஓரத்தில் கிறுக்கியவற்றையும் அடித்துத் திருத்தியவற்றையும் அவர் அவசியம் பார்க்க வேண்டும். அச்சிட்ட நோட்டில் இடமில்லாமல் ஓரத்துக்குப் போன விஷயம்தான் பெரும்பாலும் தொழிலுக்கு மிக முக்கியமானதாக இருக்கும்.

அடுத்து, நீங்கள் கணினியிடம் கேட்க விரும்பும் ஐந்தாறு கேள்விகளைப் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள். "தேவகோட்டை வீட்டுக்கு உரிய கல் இப்போது தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறதா, காய்கிறதா?" "போன வருஷம் கொடுத்த அதே பச்சையில் இன்னும் இருபது கல் கேட்கிறார்கள், எந்த வார்ப்பு?" இந்த இரண்டாவது கேள்வி ஒன்றே, உங்கள் தரவுத்தளத்தில் வார்ப்புக்கென்று தனி அட்டவணை வேண்டும் என்பதைக் காட்டிவிடுகிறது, ஏனென்றால் கையால் கலக்கும் வண்ணம் ஒரு நாள் வார்ப்புக்கும் மறுநாள் வார்ப்புக்கும் நூலளவு மாறும். கேள்வி கேட்காமல் அட்டவணையிலிருந்து தொடங்குபவருக்கு இது தெரிய வழியே இல்லை.

1976இல் பீட்டர் சென் என்ற ஆய்வாளர், தரவுத்தளத்தை முதலில் படமாக வரைந்துகொள்ளும் முறை ஒன்றை முன்வைத்தார். பொருள்களைப் பெட்டிகளாகவும், அவற்றுக்கு இடையே உள்ள உறவுகளைக் கோடுகளால் இணைத்த சாய்சதுரங்களாகவும் வரைவது அது. ஒரு காகிதத்தில் வாடிக்கையாளர், ஆர்டர், டிசைன், வார்ப்பு என்று நான்கு பெட்டிகள் போட்டு, "ஓர் ஆர்டரில் பல டிசைன் வருமா? ஒரே வார்ப்பு இரண்டு ஆர்டருக்குப் பிரிந்து போகுமா?" என்று மென்பொருள் செய்பவர் கேட்கக் கேட்க நீங்கள் ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தால், அரை மணி நேரத்தில் வடிவம் கிடைத்துவிடும். கணினி தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. தொழில் தெரிந்திருந்தால் போதும்.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவிக்கொண்டிருப்பவரின் கை முழுவதும் சிமெண்டு. அவரை விசைப்பலகை தட்டச் சொல்வது முறையன்று. தொட்டியருகே ஒரு பலகையில் அவர் கோடு போட்டு எண்ணட்டும். மாலையில் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றட்டும். அந்தத் திரையில் டிசைன், அளவு, எண்ணிக்கை ஆகிய மூன்று கட்டங்கள் போதும். முதல் இரண்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும். கட்டங்களின் தலைப்புகள் உங்கள் பட்டறையில் புழங்கும் சொற்களாகவே இருக்கட்டும். பாக்கி என்று சொல்லும் இடத்தில் பாக்கி என்றே இருந்தால்தான் கை தயங்காமல் போகும்.

கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்களை மிகக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வாடகைப் பாத்திரக் கடைக்கு நான் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். அண்டா, தேக்சா, கரண்டி எல்லாம் போகும்போதே, திரும்பி வரும் தேதியை எழுதினால்தான் பதிவாகும் என்று அமைத்திருந்தேன். துக்க வீட்டிலிருந்து வந்து நிற்பவரிடம் எந்தக் கடைக்காரர் அந்தத் தேதியைக் கேட்பார்? அவர்கள் கைக்கு வந்த தேதியைத் தட்டிப் பதிவு செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எது உண்மைத் தேதி, எது ஒப்புக்குப் போட்டது என்று பிரிக்கவே முடியவில்லை. அந்தப் பத்தி முழுவதும் பயனற்றுப் போயிற்று. வெற்றிடமாக விட்டிருந்தால் தெரியவில்லை என்பதாவது தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எந்தக் கட்டத்தையும் கட்டாயமாக்குவதற்கு முன்னால், இது தெரியாத நிலையிலும் வேலை நடக்குமா என்று கேட்டுவிட்டே முடிவு செய்கிறேன்.

கேள்வி: கண்டாங்கி சேலைக் கடை எங்களுடையது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, எந்தத் தறியில் நெய்தது என்று கேட்டு வாங்குகிறார்கள். சேலைவாரியாகப் பதிவு வைக்க எந்த மென்பொருள் நல்லது? – காரைக்குடி வாசகர்

பதில்: வரிக் கணக்கையும் சேலைப் பதிவையும் முதலில் பிரித்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கைத் தேர்ந்த கணக்கு மென்பொருளிடம் விட்டுவிடுவதே நல்லது. விதிகள் மாறும்போது அவர்கள் மாற்றித் தருவார்கள். சேலைப் பதிவு உங்களுக்கே உரியது. ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண், அதற்கு நேரே தறி, நெசவாளர், நிறம், வந்த நாள், விற்ற நாள். இதற்கு, 1992இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரெஆஃபிஸ் பேஸ், இணையத்தில் மாத வாடகைக்குக் கிடைப்பவை என எதுவும் உதவும். கட்டளை மொழி கற்காமலே, வெற்று அட்டவணையில் வேண்டிய இடத்தை நிரப்பிக் கேள்வி கேட்கும் முறையை 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மோஷே ஸ்லூஃப் வகுத்தார். ஆக்சஸில் நீங்கள் காணும் கேள்விக் கட்டம் அந்த வழியில் வந்ததே. ஒரு வாரம் பழகினால், "சிவப்பு, விற்காதது, மூன்று மாதத்துக்கு முந்தையது" என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். பத்துச் சேலைகளை ஏற்றிவிட்டு, அவை அத்தனையையும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்க முடியாது, அல்லது நாங்கள்தான் எடுத்துத் தர வேண்டும் என்றால் அதை வாங்காதீர்கள். ஒரு காலத்தில் பலரும் நம்பியிருந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது; அதற்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. மென்பொருள் போய்விடும், உங்கள் நாற்பது ஆண்டுப் பதிவு இருந்தாக வேண்டும்.

மொத்தமாக வாங்கும் கடைகளின் ஜி.எஸ்.டி. எண்ணையே அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணாக வைக்கலாமா என்று கடிதத்தின் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த 15 எழுத்து எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, பான் எண். தனியாக நடத்தியவர் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கினால் பான் மாறும், அதோடு ஜி.எஸ்.டி. எண்ணும் மாறும். உங்கள் பதிவில் பழைய கடை வேறு, புதிய கடை வேறு என்று ஆகிவிடும். ஆகவே அதை ஒரு பத்தியாக மட்டும் வையுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் பட்டியலைத் தமிழில் அகரவரிசைப்படுத்தினால் 'வ' கடைசிக்குப் போய்விடுகிறது. பழைய கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற எழுத்துகள் வருகின்றன. ஆங்கிலத்துக்கே மாறிவிடலாமா? – புதுவயல் வாசகர்

பதில்: மாற வேண்டாம். ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களின் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை: 'ந'வுக்கு அடுத்து 'ன' வருகிறது, 'ர'வுக்கு அடுத்து 'ற' வருகிறது, 'வ' என்பது 'ழ'வுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் இப்படித்தான் செய்யும். தரவுத்தளத்தில் வரிசை முறையைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சரியாகிவிடும். பழைய கோப்புகள், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்த காலத்தவை. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எந்த எழுத்துருவில் தட்டியது என்பது தெரிந்தால், மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஐம்பது பெயர்களையாவது கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

கேள்வி: கணினி பழுதாகிவிட்டது. பேக்கப் எடுத்த பென்டிரைவும் திறக்கவில்லை. இனி என்ன செய்வது? – பள்ளத்தூர் வாசகி

பதில்: இரண்டையும் நீங்களே மேலும் முயன்று பார்க்காமல், தகவல் மீட்டுத் தருபவரிடம் கொடுங்கள். இனிமேல் நாள்தோறும் ஒரு நகல் கடையிலும் ஒரு நகல் இணையத்திலோ வேறொரு வீட்டிலோ இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து, நேற்றைய பில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று ஐம்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். பேரன் தன் இரும்புக் கடைக்குத் தரவுத்தளம் அமைக்கிறான். "இது முற்றிலும் புதியது, ஐயா, உங்கள் முறை இதற்கு உதவாது" என்கிறான். அப்படியா? – தேவகோட்டை வாசகர்

பதில்: ஐயா, உங்கள் பேரன் உங்களிடம்தான் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆள்வாரியாக எழுதும் பேரேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே, அன்றாடப் பதிவான குறிப்பேட்டின் பக்க எண்ணை எழுதினீர்களே, அதைத்தான் இன்று ஓர் அட்டவணையை இன்னோர் அட்டவணையோடு இணைக்கும் சாவி என்கிறார்கள். எல்லாக் கணக்கையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகை என்பது நீங்கள் தனியாகச் சேமித்து வைத்த தகவலன்று. இருக்கும் பதிவுகளிலிருந்து கேட்டுப் பெற்ற விடை. மொத்தத்தைத் தனிப் பத்தியில் சேமித்து வைத்துவிட்டு, பிறகு அது பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை என்று அலையும் மென்பொருள்கள் இன்றும் இருக்கின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள், கடல் கடந்து வரும் தமிழ்க் கணக்கை இங்கே வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க முடிந்தது என்றால், எழுதும் முறை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணம்.

புதியதும் இருக்கிறது. பேரேடு ஆள்வாரியாக இருக்கும். சரக்குவாரியாகப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு நோட்டு போட வேண்டும். தரவுத்தளத்தில் ஒருமுறை எழுதியதை ஆள், சரக்கு, நாள், ஊர் என்று எந்த வாரியாகவும் பார்க்கலாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். பற்று எழுதி வரவு எழுதுவதற்குள் மின்சாரம் போய்விட்டால், நல்ல தரவுத்தளம் இரண்டையும் எழுதாததாகவே கொள்ளும். பாதிக் கணக்கு அதில் நிற்காது.

உங்கள் தலைமுறையின் ஒரு பழக்கத்தை மட்டும் பேரனிடம் வலியுறுத்திச் சொல்லுங்கள். மையால் எழுதிய பதிவை நீங்கள் சுரண்டி அழித்ததில்லை; தவறென்று தெரிந்தால் எதிர்ப்பதிவு எழுதினீர்கள். இன்று வரும் பல மென்பொருள்களில் அழிக்கும் பொத்தான் மிகப் பெரிதாக, எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கிறது. அவன் அமைக்கும் திரையில் பில்லை அழிக்கும் வசதியே வேண்டாம். ரத்து என்ற பொத்தான் இருக்கட்டும். அதை அழுத்தினால் யார், எப்போது, எதற்காக என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். அந்தப் பில்லும் தன் எண்ணோடு அங்கேயே இருக்கட்டும்.